எந்தப் புதுக்காடு?

“…எந்தப் புதுக்காடுன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சேர், எங்களுக்கு அந்த முக்கா மணித்தியாலம் மிஞ்சியிருக்கும்.”

சொன்னவர் ஸ்டெல்லா. மூங்கில்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். சொன்ன இடம் நம் பிரதேச சபையின் முன்பக்க ஜன்னல். இன்றைக்கு உங்களில் ஒருவர் உட்கார்ந்து மனு வாங்குகிறீர்களே, அதே ஜன்னல்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் குடையை மடக்கிப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்டது.

அதற்கு நான் என்ன சொன்னேன், அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த முக்கால் மணித்தியாலத்தைச் சொல்ல வேண்டும்.

சபையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாரே, போன வாரம் என் லீக்ஸ் பாத்தி வரைக்கும் இறங்கி வந்து, “உங்க அனுபவத்த எழுதித் தாங்க” என்று கேட்டீர்கள். கோப்பு எப்படித் திறப்பது, கடிதத்துக்கு இலக்கம் எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கென்று தெரிந்தவை நான் செய்த பிழைகள்தான். அவற்றில் பெரியதைத் தருகிறேன்.

நான் பட்டம் வாங்கி உள்ளே வந்தவன் அல்ல. முதலில் சபையின் குப்பை டிரக்டரில் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். பிறகு வாசிகசாலையைக் கூட்டுகிற வேலை கிடைத்தது. கூட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் போதும். மிச்ச நேரமெல்லாம் தூசி தட்டுகிற சாக்கில் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பேன். அப்படிப் படித்துச் சோதனை எழுதி ஜன்னலுக்கு உள்ளே வந்தேன். “கூட்டுன கையாலயே கையெழுத்துப் போடுறான் பாரு” என்று சந்தைக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். பாராட்டா, நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆட்கள் போகிறபோக்கில் விட்டுப்போகும் இந்த மாதிரிச் சொற்களைத்தான் நான் ஆயுள் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறேன்.

டவுன் முடிகிற இடத்தில், மூங்கில்தோட்டத்துக்கு ஏறும் பாதையோரம், பாசி பிடித்த ஒரு எல்லைக்கல் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். சட்டம் திருத்தப்படும்வரை நம் சபை அந்தக் கல்லோடு முடிந்துவிடும். கல்லுக்கு இந்தப் பக்கம் ரோடு, விளக்கு, தண்ணீர், குப்பை எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்தப் பக்கம் தோட்டம். தோட்டத்துக்குள் சபை ஒரு கூடை மண்கூடப் போட முடியாது. அங்கே லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் எங்கள் டிரக்டர் கல்லைக் கண்டதும் திரும்பிவிடும். “சபைக்கு அந்தக் கல்லோட கண்ணு அவிஞ்சி போயிரும்” என்பார்கள்.

அந்தக் காலத்தில் மூங்கில்தோட்டத்து ஆள் ஒருவர் வந்து, கல்லுக்கு மேலே இருக்கிற படிக்கட்டில் பிள்ளைகள் விழுகிறார்கள், ஒரு லைட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். நான் சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். சபையில் தெருவிளக்கு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்கிற ஆள், அதனால் போடவில்லை. மறுநாள் எங்கள் எல்லைக்குள் இருந்த கடைசிக் கம்பத்தில் ஏறி, விளக்கின் மூடியைக் கொஞ்சம் மேல்பக்கமாகத் திருப்பி வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. சாயங்காலம் ஆனதும் படிக்கட்டு முழுக்க வெளிச்சம்.

“சட்டம் கல்லோட நிக்கும். வெளிச்சத்துக்கு என்னா தெரியும்?” என்றார்.

இந்த வேலையில் நான் கேட்ட முதல் நல்ல பாடம் அது. ஆனால் பாடத்தைக் கேட்டவனெல்லாம் பாஸ் பண்ணுவதில்லை.

பிறகு சட்டம் மாறியது. சபை தோட்டத்துக்குள் போகலாம் என்று ஆனது. கொங்கிரீட் பாதை போட்டோம், குழாய் இழுத்தோம், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் வண்டி கல்லைத் தாண்டியதே தவிர எங்கள் பதிவேடு தாண்டவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியதே, அதில் டவுனில் இருக்கிற சந்து பொந்துக்கெல்லாம் பெயர் இருந்தது. தோட்டமென்றால் ஒரு பச்சைத் திட்டு. நடுவில் எப்போதோ இருந்த வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் ஒன்று, சில இலக்கங்கள், அவ்வளவுதான். அந்தப் பச்சைக்குள் இருக்கிற மேட்டு லயம், பணிய லயம், ஆலமரத்தடி, பழைய ஸ்டோரு எல்லாம் மக்கள் வாயில் மட்டும்தான் இருந்தன.

அதனால் எனக்குக் கவலையும் இருக்கவில்லை. ஏனென்றால் நான் தோட்டத்துப் பிள்ளை. கல்லுப்பாலத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வெளியூரிலிருந்து வந்த உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை கேட்டு, எழுதி, திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். எனக்குத் தெரியாத தோட்டமா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நான்கு நாளாக விடாத மழை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். செயலாளர் அம்மா மாவட்டக் கூட்டத்துக்குப் போய், வழியில் மண் விழுந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆபீசில் போனுக்குப் பொறுப்பாக நான். கையில் ஒரு லொறி, ஒரு குப்பை டிரக்டர். பெக்கோ இயந்திரம் ஹட்டன் பக்கம் ரோட்டில் மண் அள்ளப் போயிருந்தது.

பகல் ஒரு மணி இருக்கும். போன் அடித்தது. இலக்கம் காட்டாத அந்தப் பழைய போன்தான்.

“சேர், புதுக்காட்டுல இருந்து பேசுறேன்,” என்றது ஒரு பெண் குரல். “தொங்க லயத்துக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சிருக்கு. காலைல விரலு போற அளவுதான் இருந்திச்சி. இப்ப கையி போகுது. வடிகான்ல வர்ற தண்ணியும் சேறா வருது.”

வரிசையில் கடைசியாக இருக்கிற லயத்தைத்தான் தொங்க லயம் என்போம். மலைச்சரிவுக்கு ஒட்டினாற்போல இருக்கும். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு விஷயமும் சரியான விஷயம். எந்த நிபுணர் வந்திருந்தாலும் அதையேதான் பார்த்திருப்பார். நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

“புதுக்காடுதானே, தெரியும் தங்கச்சி. லொறிய அனுப்புறேன். எல்லாரும் சாமான் சட்டெல்லாம் மூட்ட கட்டி வச்சிக்கிட்டு ரெடியா இருங்க.”

“சேர், மாதா கோயில் மணிய அடிச்சி ஆளுகள ஒன்னாக்கவா?”

“மணியெல்லாம் அடிச்சி ஆளுகளப் பயங்காட்டாதீங்க. லொறி வந்துரும்.”

“எந்தப் பக்கத்தால வருவீங்க சேர்? இங்க பாலத்துகிட்ட…”

“எனக்கு வழி சொல்லாதீங்க தங்கச்சி, நானும் அந்தப் பக்கத்து ஆளுதான்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவருக்குத் தைரியம் கொடுப்பதாக நினைப்பு. போனை வைத்துவிட்டு லொறி டிரைவர் பியசேனவைக் கல்லுப்பாலத் தோட்டத்துப் புதுக்காட்டுக்கு அனுப்பினேன். சின்ன வயதில் நான் விறகு பொறுக்கப் போன இடம். எனக்குப் புதுக்காடு என்றால் அது ஒன்றுதான்.

பியசேன போய்ச் சேர்ந்து போன் செய்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. சிங்களத்தில் ஆற அமரச் சொன்னார்: “இங்கே ஒரு வெடிப்பும் இல்லை மாத்தயா. எல்லாரும் உள்ளே உட்கார்ந்து ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சம்பல் நல்ல உறைப்பு.”



திருப்பி அழைக்க இலக்கம் இல்லை. பெயர் கேட்கவில்லை. தோட்டம் கேட்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். பச்சைத் திட்டுகள் பச்சையாகவே இருந்தன. பதிவேட்டைப் புரட்டினேன். ‘புதுக்காடு’ என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். பிழை செய்துவிட்டோம் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் மனிதனுக்கு ஒரு ஆசை வரும். யாருக்கும் தெரியாமல் தானே திருத்திவிட வேண்டும் என்று. எனக்கும் வந்தது. இரண்டு மூன்று இடத்துக்கு இரகசியமாகப் போன் போட்டுப் பார்க்கலாமா என்று ரிசீவரை எடுத்தேன். பிறகு, அந்தப் பெண் ‘கையி போகுது’ என்று சொன்னது காதில் விழுந்தது. வெட்கத்துக்கு நேரம் இல்லை என்று புரிந்தது.

மழைக்கு ஒதுங்கிய சனம் ஹாலில் நின்றது. நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலால் தலையை நீட்டினேன்.

“நான் ஒரு பிழ விட்டுட்டேன். புதுக்காட்டுல மண்ணு வெடிக்குதுன்னு போன் வந்திச்சி. எந்தப் புதுக்காடுன்னு கேக்காம விட்டுட்டேன். யாருக்காவது தெரியுமா?”

“எங்க தோட்டத்துலயும் ஒரு புதுக்காடு இருக்கே,” என்றார் ஒருவர்.

“எங்க மாமியா வீடு இருக்கிறதும் புதுக்காடுதான். அதுக்கும் இதுக்கும் நாலு கட்ட தூரம்.”

“புதுக்காடு இல்லாத தோட்டம் எங்கண்ணே இருக்கு? கடைசியாக் காடு வெட்டித் தேயில வச்ச எடமெல்லாம் புதுக்காடுதான்.”

“அந்தத் தேயிலைக்கு இப்ப நூறு வயசு இருக்கும். இன்னும் புதுசாம்!”

இரண்டு நிமிஷத்தில் நான்கு புதுக்காடு கிடைத்தது. எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. நம்ம ஊர் நமக்குத் தெரியும் என்று நினைக்கிறவனுக்கு அதில் நான்கில் ஒரு பங்குதான் தெரியும் என்பதை அன்றைக்குக் கண்டேன்.

அந்தப் பெண் வேறு என்ன சொன்னார் என்று நினைவைக் கிண்டினேன். மணி. மாதா கோயில் மணி.

“மாதா கோயில் இருக்கிற புதுக்காடு எது?”

முன்னால் நின்ற ஒரு அம்மா சட்டென்று சொன்னார். “மூங்கில்தோட்டம், பணியக்கணக்கு. அங்கதான் எங்க அக்காவுக்குக் கலியாணம் நடந்திச்சி. பெரிய பாலத்தால போகாதீங்க, ஆத்துத் தண்ணி மேல ஏறியிருக்கும். எல்லைக்கல்லுகிட்ட இருக்கிற பாதையால ஏறுங்க.”

கீழ்ப்பிரிவைத்தான் பணியக்கணக்கு என்பார்கள். போனில் பேசியது ஸ்டெல்லாதான் என்று பிறகு தெரிந்தது. அவர் பாலத்தைப் பற்றிச் சொல்ல வந்ததையும் இந்த அம்மா சொல்லி முடித்துவிட்டார். நான் வெட்டிய பேச்சு வேறொருவர் வாயால் என்னிடம் திரும்பி வந்தது.

லொறி எதிர்த்திசையில் ஒரு மலைக்கு அப்பால் இருந்தது. மிச்சம் இருந்தது குப்பை டிரக்டர். எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதை டவுனுக்கு வெளியே எடுக்கக் கூடாது. அனுமதி தர வேண்டியவர் மண்சரிவுக்கு அந்தப் பக்கம். நான் ஒரு துண்டில் ‘என் பொறுப்பில் எடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு மேசையில் வைத்துவிட்டு டிரக்டர் ஆட்களோடு ஏறிவிட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. செய்ய வேண்டி வந்தால் அந்தத் துண்டை எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எல்லைக்கல்லைத் தாண்டி ஏறும்போதே மணிச்சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, ஆனால் விடாமல்.

அங்கே நடந்ததை ஸ்டெல்லாவும் மற்றவர்களும் பிறகு சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. என் பேச்சை நம்பி அரை மணித்தியாலம் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அரிசி, பாத்திரம், டிவி, பிள்ளைகளின் புத்தகம். வெடிப்பில் கால் போகிற அளவு வந்ததும் ஸ்டெல்லா, “ஆபீஸ்காரவுக வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்திருக்கிறார். மணியடிக்காதே என்று சொன்ன நான் அதுவரை உலகத்துக்கே டிரைவர் போல உட்கார்ந்திருந்தேன்.

சனம் கோயிலுக்கு வந்ததும் மணிக்கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். அதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. பெரட்டு எடுத்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. கொட்டுகிற மழையில் கோயில் வாசலில் நின்றுகொண்டு லயம் லயமாக, ஒரு குடும்பம் இருக்கிற ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாகக் கூப்பிட்டிருக்கிறார்.

“தொங்க லயம், ஒன்னாம் காம்பரா?”

“இருக்கோம்!”

“ரெண்டாம் காம்பரா?”

“நாலு பேரும் இருக்கோம் அக்கா!”

“அஞ்சாம் காம்பரா?”

பதில் இல்லை. ஐந்தாம் காம்பரா அவருடைய சொந்த வீடு. புருஷன் ராயப்பன் இல்லை. மூட்டையெல்லாம் கட்டி முடிந்து லொறிக்காகச் சும்மா நின்றவருக்குப் பின்பக்கம் கட்டியிருந்த மாட்டின் நினைவு வந்திருக்கிறது. அவிழ்த்துவிடப் போயிருக்கிறார். அவர் போய்க்கொண்டிருந்தபோதுதான் மண் இறங்கியது. மாட்டுப்பட்டியும் கடைசி இரண்டு காம்பராவின் பின்சுவரும் போயின.

காம்பராக்கள் வெறுமையாக இருந்தன. மணியால்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்களும் பெண்களும் மம்பட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் இடுப்பளவு மண்ணுக்குள் இருந்தார். இடுப்பைச் சுற்றிக் கையாலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு ஸ்டெல்லா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மாடு மாடுன்னு போனியே, மாடு எங்கன்னு பாத்தியா? ஒனக்கு முன்னாடியே கயித்த அத்துக்கிட்டு வந்து மாதா கோயில் வாசல்ல நிக்குது. அதுக்கு இருக்கிற புத்தி ஒனக்கில்ல!”

“அப்ப அதையும் பேரு கூப்பிட்டியா?” என்றார் ராயப்பன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு கால் உடைந்திருந்தது. நாங்களும் சேர்ந்து வெளியே எடுத்து, கதவுப் பலகையில் கிடத்தி, டிரக்டரின் பெட்டியில் ஏற்றினோம். கழுவ நேரம் இல்லை. வாழைத்தோலும் முட்டைக்கோசு இலையும் ஒட்டியிருந்தன. ராயப்பன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார்.

“கடைசியில என்னையக் குப்பையிலதானே ஏத்தினீங்க சேர்?”

அவ்வளவு பேரும் அந்த மழையில் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

சனத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். ராயப்பனுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் சரியாக வரும், ஆனால் மலையேறி வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலையில் செயலாளர் அம்மா போனில், நடந்ததை அறிக்கையாக எழுதி வையுங்கள் என்றார். எழுதினேன். ‘முறைப்பாட்டாளர் இடத்தைத் தெளிவாகக் குறிப்பிடாமையால் வாகனம் சென்றடைவதில் தாமதம் ஏற்பட்டது.’ எழுத்துப்பிழை இல்லாத வசனம். படித்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வாசிகசாலையில் தூசி தட்டிக் கற்ற தமிழெல்லாம் எனக்குப் பொய் சொல்ல எவ்வளவு வசதியாக வந்து நின்றது பாருங்கள்.

மை காயவில்லை, ஜன்னலில் ஸ்டெல்லா நின்றார். நிவாரணத்துக்கு வீடு இருந்த இடத்தை உறுதிப்படுத்திச் சபையிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் படிவத்தை எடுத்தேன். தலையைத் தூக்காமல் கேட்டேன்.

“முகவரி?”

“புதுக்காடு.”

“அப்படி ஒரு பேரு பதிவேட்டுல இல்லையே.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. நேற்றைக்கு ‘தெரியும், தெரியும்’ என்று சொன்ன அதே வாய்.

நீங்கள் மேசையின் இரண்டாவது லாச்சியை இழுத்துத் திறந்தால் சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கும். ‘பேர்க் கொப்பி’ என்று நாங்கள் சொல்வோம். அதில் நம் சபைக்குள் இருக்கிற ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு லயத்துக்கும் மக்கள் வைத்திருக்கிற பெயர் இருக்கிறது. எந்த வழியால் போகலாம், எந்தப் பாலம் மழைக்கு மூழ்கும், கோயில் எது, மணி யார் கையில் என்றும் இருக்கிறது. புதுக்காடு மட்டும் ஏழு. செயலாளர் அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனாலும் அவர் அதை வரிவரியாகக் கேட்டு, சிங்களத்தில் தன் கையாலேயே பக்கத்தில் எழுதினார். பிறகு சபையில் வைத்து நிறைவேற்றினார்கள். இப்போது ஏறுகிற பாதையிலெல்லாம் இரண்டு மொழியிலும் பெயர்ப்பலகை நிற்கிறது. ராயப்பன் மூங்கில்தோட்டத்துப் பலகையைத் தானே நடுவேன் என்று பிடிவாதம் பிடித்து, கம்போடு வந்து நட்டார். கொஞ்சம் சாய்ந்திருக்கும். நிமிர்த்திவிடாதீர்கள்.

போன மாரியில் ஒரு போன் வந்ததும், உங்களில் ஒரு தங்கச்சி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, “எந்தப் புதுக்காடு அண்ணே?” என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். லொறி நேரே போய் நின்றதாம். சனம் இறங்கி வந்த பிறகுதான் மண் விழுந்ததாம். எனக்கு அன்றைக்கு ரெண்டு கோப்பை பிளேன்டீ அதிகமாக இறங்கியது.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய விஷயம். தெரியாத இடத்தில் எல்லாரும் கேட்பார்கள். தெரிந்த இடத்தில் கேட்பதுதான் உத்தியோகம். நீங்கள் இந்த மலையிலேயே பிறந்தவர்களாக இருந்தால் இன்னும் ஒரு தடவை கூடக் கேளுங்கள்.

சரி, அந்த ஜன்னலுக்குத் திரும்புவோம். கொப்பி என்று ஒன்று அப்போது இல்லை.

எந்தப் புதுக்காடு என்று கேட்டிருந்தால் முக்கால் மணித்தியாலம் மிஞ்சியிருக்கும் என்று ஸ்டெல்லா சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நகத்துக்கடியில் இன்னும் மண் இருந்தது.

நான் அறிக்கைத் தாளை எடுத்து, அந்த வசனத்தின் மேல் அவர் பார்க்கவே கோடு கிழித்தேன்.

“நான் கேக்கல ஸ்டெல்லா. நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சேன். பிழ என்னுது. இதுல அப்படியேதான் எழுதப் போறேன்.”

நான் விடவில்லை.

“உங்க தோட்டத்துல இந்த மாதிரி எங்களுக்குத் தெரியாத பேரு இன்னும் எத்தன இருக்கு?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார்.

“அந்தப் பச்சையில நாங்க எங்க சேர் இருக்கோம்?”

“தெரியல,” என்றேன்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்கள். பக்கக் கதவு இருந்தது, பூட்டுப் போடுவதில்லை, ஆனாலும் அதைத் தள்ளிக்கொண்டு ஒருவரும் உள்ளே வந்ததில்லை. ஸ்டெல்லா ஜன்னலை விட்டு நகர்ந்தார். போகிறார் என்று நினைத்தேன். வரிசையைத் திரும்பிப் பார்த்து, “யாரும் போயிறாதீங்க, உங்க தோட்டத்தையும் சொல்லணும்” என்றார். பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். குடையை என் கோப்புகளுக்கு மேல் வைத்தார். சுவரிலிருந்த வரைபடத்தை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் விரித்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, செயலாளர் அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.